லென்டிவைரஸ் குப்பியிலிருந்து வளர்ச்சிக் காரணி வரை: செல் கல்ச்சருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பிஎச்டியில் சேர்ந்த முதல் வருடத்திலோ, புராஜெக்ட் அசிஸ்டென்டாகச் சேர்ந்த சில மாதங்களிலோ இந்த வேலை பலர் கைக்கு வந்துவிடும். மனித வளர்ச்சிக் காரணி ஒன்றின் மரபணுவைச் சுமந்த லென்டிவைரஸ் துகள்களை வரவழைத்து, செல்லுக்குள் ஏற்றி, அந்தப் புரதத்தைத் தொடர்ந்து சுரக்கும் செல் வரிசை ஒன்றை உருவாக்கித் தரச் சொல்வார் கைடு. புரதத்தின் நுனியில் ஃபிளாக், மிக் மாதிரி ஒரு சின்ன டேக் இருக்கும். செல்லில் ஏற்கெனவே இருக்கும் புரதத்திலிருந்து நாம் ஏற்றியதைப் பிரித்தறிய அதுதான் பிடி.

வைரஸை ஏற்றும் வேலை சீக்கிரமே கைக்குப் பழகிவிடும். சிக்கல் வளர்ச்சிக் காரணியின் குணத்தில் இருக்கிறது. அது செல்லுக்குள் தங்காது. வெளியே போகிற வழியில் வெட்டப்படும், மடியும், சர்க்கரை ஒட்டிக்கொள்ளும். வெளியே போனபின் வைரஸ் ஏறாத பக்கத்துச் செல்லையும் மாற்றிவிடும். அதனால் டேக் எந்த நுனியில், கட்டுப்பாட்டுக்கு (ஒப்பீட்டுக்கு) எந்தெந்த வெல் (தட்டின் குழி), புரதத்தை எங்கே தேடுவது என்ற மூன்றையும் ஆர்டர் போடும் முன்பே யோசித்து வைக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் விஇஜிஎஃப்-165 என்ற காரணியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். புதிய ரத்தக் குழாய்களை முளைக்க வைக்கும் புரதம் அது.

குப்பிக்குள் இருப்பது

லென்டிவைரஸ் துகளின் மூலம் எச்ஐவி-1. பெயரைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். வைரஸ் பெருகுவதற்கான மரபணுக்களைப் பிரித்து மூன்று அல்லது நான்கு தனித்தனி பிளாஸ்மிட்களில் (வட்ட டிஎன்ஏ துண்டுகளில்) வைத்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக எச்இகே 293டி என்ற மனிதச் சிறுநீரகச் செல் வரிசைக்குள் போட்டால், அந்தச் செல் துகள்களைக் கட்டி வெளியே விடும். அப்படி வரும் துகளுக்குள் நம் மரபணு இருக்கும் ஆர்என்ஏ மட்டுமே போகும். வைரஸின் புரதங்களைச் செய்யும் குறிப்புகள் அதில் இல்லாததால், துகள் ஒருமுறை செல்லுக்குள் நுழையும், டிஎன்ஏவாக மாறிக் குரோமோசோமில் பதியும், அதோடு முடிந்தது. மறுபடி வைரஸாகக் கிளம்பாது. இன்றைய வெக்டர்களில் (மரபணுவைச் சுமக்கும் ஊர்திகளில்) இன்னொரு பாதுகாப்பும் உண்டு: பதிந்தபின் வைரஸின் சொந்த புரமோட்டர் (மரபணுவை இயக்கும் பகுதி) செயலிழந்துபோகும்படி அதன் ஒரு பகுதியை நீக்கியிருப்பார்கள்.

துகளின் மேலுறை எச்ஐவியுடையது அல்ல, விஎஸ்வி என்ற வேறொரு வைரஸின் ஜி புரதம், சுருக்கமாக விஎஸ்வி-ஜி. எச்ஐவி சில வகை ரத்தச் செல்களுக்குள் மட்டுமே நுழையும். விஎஸ்வி-ஜி உறையோ பெரும்பாலான பாலூட்டிச் செல்களில் இருக்கும் எல்டிஎல் ஏற்பியைப் பிடித்து நுழைகிறது. ஆய்வுக்கு இது வசதி. நம் தோலில் பட்டாலோ கண்ணில் தெறித்தாலோ இதுவே ஆபத்து. பாதுகாப்பு விதிகள் ஏன் அவ்வளவு கறாராக இருக்கின்றன என்பது இங்கேதான் புரியும்.

பிரிந்து பெருகாத செல்லிலும் லென்டிவைரஸ் பதியும். நரம்பு செல் போன்றவற்றிலும் இது முடியும் என்று 1996இல் அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் நால்டினி, டிரோனோ, வெர்மா ஆகியோரின் குழு காட்டிய பிறகுதான் இந்த முறை பரவியது. வேலூர் சிஎம்சியில் ஹீமோஃபீலியா-ஏ நோயாளிகளின் ரத்த மூலச் செல்களுக்குள் எட்டாம் உறைவுக் காரணியின் மரபணுவை ஏற்றியதும் லென்டிவைரஸ் வழியாகத்தான். அதன் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. நீங்கள் கையில் எடுக்கும் குப்பியும் அதே அடிப்படையில் வேலை செய்வதுதான்.

துகளுக்குள் சுமார் 8, 9 கிலோபேஸ் வரை அடைக்கலாம். விஇஜிஎஃப்-165இன் குறியீட்டுப் பகுதி வெறும் 576 பேஸ். டேக், புரமோட்டர், பியூரோமைசின் என்ற செல்லைக் கொல்லும் மருந்துக்கான எதிர்ப்பு மரபணு எல்லாம் சேர்த்தாலும் இடம் தாராளம்.

ஆர்டர் போடும் முன்: டேக் எந்தப் பக்கம்?

கேட்டலாக்கில் மரபணுப் பெயரைத் தட்டினால் நாலைந்து வரிசைகள் வரும். விலையைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் பலரும் செய்வது. அதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து உங்கள் புரதத்தை இடமிருந்து வலமாக ஒரு கோடாக வரையுங்கள். சிக்னல் பெப்டைடு (புரதத்தை வெளியே அனுப்பச் சொல்லும் முகவரித் துண்டு) எங்கே முடிகிறது, எங்கெங்கே வெட்டு விழுகிறது, கடைசியில் ஏற்பியோடு சேரும் துண்டு எது என்று குறியுங்கள். யூனிப்ராட் தளத்தில் இந்த விவரம் எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது.

விஇஜிஎஃப்-165ஐ வரைந்து பார்க்கலாம். முழு நீளம் 191 அமினோ அமிலம். முதல் 26 சிக்னல் பெப்டைடு; எண்டோபிளாஸ்மிக் வலைக்குள் நுழையும்போதே அது வெட்டுப்பட்டுப் போய்விடும். மீதி 165தான் வெளியே வருவது. டேக்கை ஆரம்ப நுனியில், சிக்னலுக்கும் முன்னால் வைத்தால் என்ன ஆகும்? ஒன்று, சிக்னலோடு சேர்ந்து டேக்கும் வெட்டுப்பட்டுப் போகும். அல்லது சிக்னலை மறைத்துப் புரதம் வெளியே போவதையே கெடுக்கும். ஆகவே சுரக்கும் புரதத்துக்கு வழக்கமாக டேக்கைக் கடைசி நுனியில் வைப்பார்கள். பெரும்பாலான ஆயத்த லென்டிவைரஸ் குப்பிகளிலும் அப்படித்தான் இருக்கும்.

சரி, கடைசி நுனி எல்லாவற்றுக்கும் பொருந்துமா? பொருந்தாது. ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்பியோடு சேரும் முதிர்ந்த துண்டு 70 அமினோ அமிலம்தான். அதற்குப் பின்னால் 'இ பெப்டைடு' என்றொரு வால் உண்டு. செல் அந்த வாலை வெட்டிவிடும். டேக்கை வாலின் முனையில் ஒட்டியிருந்தால், வெட்டியதும் டேக் வாலோடு போய்விடும். வெஸ்டர்னில் (புரதங்களை அளவு வாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் தேடும் சோதனையில்) ஃபிளாக் ஆன்டிபாடி போட்டால் வெட்டுப்படாத முன்னோடியும் வாலும் மட்டுமே தெரியும். உண்மையான ஐஜிஎஃப்-1 மீடியத்தில் (செல் வளரும் திரவத்தில்) தாராளமாக இருந்தும் வரவில்லை என்று எழுதிவிடுவோம். இஜிஎஃப் இன்னும் மோசம்: 1207 அமினோ அமில முன்னோடியின் நடுவிலிருந்து 53 மட்டும் வெட்டி எடுக்கப்படுகிறது. கடைசி நுனியில் வைத்த டேக் செல் சவ்வின் உள்பக்கத்திலேயே நின்றுவிடும். எஃப்ஜிஎஃப்-2க்கு வழக்கமான சிக்னல் பெப்டைடே கிடையாது; வேறு வழியில்தான் வெளியேறுகிறது, நிறைய பங்கு உள்ளேயே தங்கும். ஒரு காரணிக்குச் சரியாக வந்த டேக் இடத்தை அப்படியே இன்னொன்றுக்கு எடுத்துப்போகக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

விஇஜிஎஃப்-165இல் கடைசி நுனி வெட்டுப்படாமல் வருவதால் டேக் தப்பிக்கும். ஆனாலும் ஒரு எச்சரிக்கை. ஹெபரினோடு ஒட்டும் பகுதி அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. தவிர, கடைசி ஆறு அமினோ அமிலங்கள் மட்டும் வேறாக இருக்கும் விஇஜிஎஃப்-165பி என்ற வடிவம் ஏற்பியை வேறு விதமாகத் தூண்டுகிறது. அவ்வளவு நுணுக்கமான நுனியில் நாம் ஒன்றை ஒட்டுகிறோம். ஒட்டலாம், ஆனால் வேலைத்திறனைச் சோதிக்காமல் விடக் கூடாது. கேட்டலாக்கில் வெறுமனே விஇஜிஎஃப்-ஏ என்று போட்டிருந்தால் 121ஆ, 165ஆ, 189ஆ என்று டிரான்ஸ்கிரிப்ட் எண்ணை வைத்துச் சரிபாருங்கள். 121 மீடியத்தில் சுதந்திரமாகத் திரியும், 189 செல் பரப்பிலேயே ஒட்டிக்கொள்ளும், 165 நடுத்தரம்.

டேக்கின் அளவும் முக்கியம். ஃபிளாக் 8 அமினோ அமிலம், மிக் 10. குப்பியில் டிடிகே என்று போட்டிருந்தால் அதுவும் ஃபிளாக் வரிசையேதான், அதே ஆன்டிபாடி பிடிக்கும். பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி 238 அமினோ அமிலம். விஇஜிஎஃப்-165ஐ விட அதன் டேக் பெரிதாக இருந்தால், நாம் படிப்பது எதனுடைய நடத்தை என்று சந்தேகம் வந்துவிடும். சின்ன வளர்ச்சிக் காரணிகளுக்கு நான் சின்ன டேக்கையே சொல்வேன். பச்சை ஒளி வேண்டுமென்றால், ஜிஎஃப்பி தனிப் புரதமாக வரும் வெக்டரைக் கேளுங்கள்.

குப்பியோடு கட்டுப்பாட்டுக் குப்பியையும் சேர்த்தே ஆர்டர் போடுங்கள்: அதே வெக்டர், அதே டேக், மரபணு மட்டும் இல்லாதது. பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், கடைசியில் சோதனை முழுவதையும் திரும்பச் செய்ய நேரும்.

அனுமதியும் பாதுகாப்பும்

இந்தியாவில் என்றால் முதலில் போக வேண்டிய இடம் உங்கள் நிறுவனத்தின் உயிரிப்பாதுகாப்புக் குழு, அதாவது ஐபிஎஸ்சி. மரபணுவின் பெயர், வெக்டரின் தலைமுறை, எந்தச் செல்லில் ஏற்றப்போகிறீர்கள் என்ற மூன்றையும் எழுதிக் கொடுங்கள். வளர்ச்சிக் காரணி என்பதால் மரபணுவின் பெயரை மறக்காமல் சொல்ல வேண்டும். செல் பெருகத் தூண்டும் மரபணுவைக் குரோமோசோமில் பதிக்கும் வைரஸுக்கும், வெறும் ஜிஎஃப்பி சுமக்கும் வைரஸுக்கும் ஒரே அளவு ஆபத்து என்று குழு எடுத்துக்கொள்ளாது. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் அதற்கான காகித வேலைக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

வேலை பிஎஸ்எல்-2 (இரண்டாம் நிலை உயிரிப்பாதுகாப்பு) அறையில், உயிரிப்பாதுகாப்பு கேபினெட்டுக்குள் மட்டும். கிடைமட்டமாகக் காற்று நம் முகத்துக்கு வரும் லேமினார் ஹூட் இதற்கு ஆகவே ஆகாது. இரண்டு அடுக்கு கையுறை, முழுக்கை கோட், கண்ணாடி. ஊசி, பிளேடு, கண்ணாடி பாஸ்டர் பிப்பெட் எதையும் அருகில் வைக்காதீர்கள். உறிஞ்சுவதற்குப் பிளாஸ்டிக் டிப் போதும். வைரஸ் பட்ட டிப், மீடியம் எல்லாம் புதிதாகக் கலந்த பிளீச்சுக்குள் போக வேண்டும். கழிவோடு சேர்ந்த பிறகு சோடியம் ஹைப்போகுளோரைட் 0.5 சதவீதமாவது இருக்கும்படி கலந்து அரை மணி நேரம் விடுங்கள். நேற்றுக் கலந்த பிளீச்சை நம்பாதீர்கள், நீர்த்த பிளீச்சின் வீரியம் சீக்கிரம் இறங்கிவிடும். பிளீச்சில் முக்கிய திரவத்தை ஆட்டோகிளேவில் வைக்கவும் கூடாது, நச்சு வாயு கிளம்பும். கேபினெட்டில் யூவி விளக்கைப் போட்டுவிட்டுப் போவது துடைப்பதற்கு மாற்றாகாது.

தோலில் பட்டால் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள், கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் ஓடும் தண்ணீர். அப்புறம் உடனே கைடிடம் சொல்லி மருத்துவரிடம் போங்கள். எச்ஐவிக்கான தடுப்பு மருந்துகளில் சில இந்தத் துகள் குரோமோசோமில் பதிவதையும் தடுக்கக் கூடியவை. ஆனால் அவை முதல் சில மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன், அந்த முடிவை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். பயந்து மறைப்பதில் எந்த லாபமும் இல்லை.

இன்னும் ஒரு விதி, பலரும் சொல்லித் தராதது: உங்கள் சொந்த ரத்தத்திலிருந்தோ லேப் நண்பரின் ரத்தத்திலிருந்தோ எடுத்த செல்லில் இதை ஒருபோதும் ஏற்றாதீர்கள். மாறிய செல் தவறி அந்த ஆளின் உடலுக்குள் போனால், எதிர்ப்பு மண்டலம் அதைத் தன்னுடையதாகவே நினைக்கும். எச்ஐவி இருக்கலாம் என்று சந்தேகிக்கும் ரத்த மாதிரிகளும் கூடாது. அங்கே இருக்கும் முழு வைரஸ், நாம் பிரித்து வைத்த பாகங்களை ஈடு செய்துவிடும்.

குப்பி வந்ததும்

உலர்பனி மீதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் புகைப்படம் எடுத்து, அன்றே நிறுவனத்துக்கு எழுதுங்கள். இருந்தால் குப்பியை நேராக −80க்குள் வையுங்கள். ஒவ்வொரு முறை உருக்கி உறைய வைக்கும்போதும் டைட்டர் (வைரஸ் துகள்களின் செறிவு) கணிசமாக இறங்கும். முதல்முறை உருக்கும்போதே ஐஸ் மேல் வைத்து மெதுவாக உருக்கி, ஒரு சோதனைக்கு வேண்டிய அளவாகச் சின்னச் சின்ன டியூபில் பிரித்துவிடுங்கள். வோர்டெக்ஸ் போடாதீர்கள், பிப்பெட்டால் மெல்லக் கலந்தால் போதும்.

சான்றிதழில் டைட்டர் எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். வைரஸ் துகளின் பி24 புரதத்தை எலைசாவில் (ஆன்டிபாடியால் புரதத்தை அளக்கும் சோதனையில்) அளந்திருந்தால் அது எல்லாத் துகளையும் எண்ணும், உடைந்ததும் வெறுமையானதும் அதில் சேரும். நமக்கு வேண்டியது டியூ, அதாவது செல்லுக்குள் உண்மையில் பதியக்கூடிய துகளின் எண்ணிக்கை. ஆயத்தக் குப்பிகளில் மில்லிலிட்டருக்கு 10⁷ டியூ என்பது சாதாரணமாகப் பார்க்கும் அளவு. இதையும் பெரும்பாலும் எச்இகே 293டி மாதிரி எளிதில் ஏறும் செல்லில்தான் அளந்திருப்பார்கள். உங்கள் செல்லில் அது பாதியாகவோ பத்தில் ஒன்றாகவோ இருக்கலாம்.

கொல்லும் அளவைக் கண்டுபிடித்தல்

வைரஸைத் தொடும் முன் முடிக்க வேண்டிய சோதனை இது. பதிந்த செல்லை மட்டும் தங்கவைக்க பியூரோமைசின் போடுவோம். எவ்வளவு போட்டால் சாதாரணச் செல் முழுதாகச் சாகும் என்பது செல்லுக்குச் செல் வேறுபடும். 24 வெல் பிளேட்டில் செல்களை விதைத்து, மறுநாள் மில்லிலிட்டருக்கு 0, 0.5, 1, 2, 3, 5, 10 மைக்ரோகிராம் என்று போட்டு தினமும் பாருங்கள். மூன்று நான்கு நாளில் ஒரு செல்லையும் விடாமல் கொல்லும் மிகக் குறைந்த அளவுதான் உங்களுடையது. சாகிற செல் முதலில் ஓரங்களைச் சுருக்கி உருண்டையாகும், பிறகு தட்டிலிருந்து கழன்று மிதக்கும். மைக்ரோஸ்கோப்பில் மேல் ஃபோகஸில் பளபளவென்று மிதப்பவை அவைதான். தட்டின் தரையில் பரந்து ஒட்டியிருக்கும் ஒன்றிரண்டு செல் தெரிந்தால்கூட அந்த அளவு போதாது.

செல்லுக்கு ஏற்கெனவே எந்த எதிர்ப்பு மரபணு இருக்கிறது என்றும் பாருங்கள். எச்இகே 293டி செல்லில் நியோமைசின் எதிர்ப்பு ஏற்கெனவே உண்டு, அதில் அதே வகை மருந்தான ஜி418 போட்டுத் தேர்வு செய்ய முடியாது. செயற்கையாக அழியாத்தன்மை கொடுத்த செல் வரிசைகளில் பியூரோமைசின் எதிர்ப்பே இருக்க வாய்ப்புண்டு.

இதே பிளேட்டின் மீதி வெல்களில் பாலிபிரீனையும் சோதித்துவிடலாம். துகளுக்கும் செல்லுக்கும் இரண்டுக்குமே எதிர்மின்னேற்றம் என்பதால் ஒன்றையொன்று தள்ளும். பாலிபிரீன் அந்தத் தள்ளலைக் குறைக்கும். வழக்கமான அளவு மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம். முதன்மைச் செல்கள் (திசுவிலிருந்து நேரடியாக எடுத்தவை) சில இதைத் தாங்காது. அவற்றுக்கு அளவைக் குறையுங்கள், அல்லது புரோட்டமின் சல்ஃபேட்டுக்கு மாறுங்கள்.

எவ்வளவு வைரஸ்?

ஒரு செல்லுக்கு எத்தனை துகள் என்ற விகிதம்தான் எம்ஓஐ. கணக்கு எளிது: ஒரு வெல்லில் 50,000 செல், எம்ஓஐ 5 என்றால் 2,50,000 டியூ வேண்டும். டைட்டர் மில்லிலிட்டருக்கு 10⁷ என்றால் 25 மைக்ரோலிட்டர்.

ஆனால் துகள்கள் செல்களுக்குச் சமமாகப் பங்கிட்டு விழாது. எம்ஓஐ 1 என்றால் செல்லுக்கு ஒன்று வீதம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். சிலவற்றில் இரண்டு மூன்று விழும், சுமார் 37 சதவீதச் செல்லில் ஒன்றும் விழாது. எம்ஓஐ 3இல் 5 சதவீதம் தப்பிக்கும். எம்ஓஐ 0.3இல் 26 சதவீதச் செல்லில்தான் ஏறும், ஆனால் ஏறியவற்றில் ஏழில் ஆறு பங்கில் ஒரே ஒரு பிரதி இருக்கும். நிறையப் புரதம் வேண்டும் என்று எம்ஓஐயை ஏற்றிக்கொண்டே போகத் தோன்றும். வளர்ச்சிக் காரணியில் அது நல்ல யோசனை இல்லை. உடலில் பிக்கோகிராம் அளவில் பேசும் புரதத்தை வெள்ளமாக ஓடவிட்டால், செல் தன் ஏற்பிகளை உள்ளிழுத்துக்கொண்டு வேறு மாதிரி நடக்க ஆரம்பிக்கும். முதல் முறை 1, 3, 10 என்று மூன்று அளவும் போட்டுப் பாருங்கள். மரபணுக் குப்பிக்கும் கட்டுப்பாட்டுக் குப்பிக்கும் எம்ஓஐ ஒன்றாக இருக்கட்டும், மைக்ரோலிட்டர் அல்ல.

ஏற்றும் நாட்கள்

முதல் நாள் மாலை, 24 வெல் பிளேட்டில் விதையுங்கள். மறுநாள் காலை பாதிக்கும் சற்று மேலாகத் தட்டு நிரம்பியிருக்க வேண்டும். ஒரு வெல்லைக் கூடுதலாக விதைத்து, ஏற்றும் நாளில் அதைப் பிரித்து எண்ணுங்கள். நேற்று எண்ணியதை வைத்து எம்ஓஐ போட்டால் ஒரு இரவின் பெருக்கம் கணக்கில் வராது.

இரண்டாம் நாள், பழைய மீடியத்தை எடுத்துவிட்டு பாலிபிரீன் கலந்த புது மீடியம் 250 மைக்ரோலிட்டர் மட்டும் ஊற்றுங்கள். திரவம் குறைவாக இருந்தால்தான் துகள் செல்லை எட்டும். வைரஸைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிளேட்டை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மெதுவாக அசையுங்கள். வட்டமாகச் சுழற்றினால் எல்லாம் நடுவில் குவியும். ஏறுவது கடினமான செல் என்றால், மூடிய ரோட்டரில் 800 ஜி, 32 டிகிரியில் ஒரு மணி நேரம் சுழற்றலாம். மற்றவற்றுக்கு இது அவசியமில்லை. நேராக 37 டிகிரி இன்குபேட்டருக்குள் வையுங்கள்.

குறைந்தது நான்கு வகை வெல் இருக்க வேண்டும்: எதுவும் போடாதது, பாலிபிரீன் மட்டும், கட்டுப்பாட்டு வைரஸ், விஇஜிஎஃப் வைரஸ். ஒவ்வொன்றிலும் மூன்று.

மூன்றாம் நாள், 16 முதல் 24 மணி நேரத்துக்குள் மீடியத்தை மாற்றுங்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், சுரக்கும் புரதத்துக்கே உரிய ஒரு பொறி இங்கே இருக்கிறது. வைரஸைத் தயாரித்த எச்இகே செல்லுக்குள்ளும் விஇஜிஎஃப் பிளாஸ்மிட் இருந்தது அல்லவா? அந்தச் செல் வைரஸை விட்ட அதே மீடியத்தில் டேக் போட்ட விஇஜிஎஃப் புரதத்தையும் சுரந்திருக்கலாம். நன்கு சுத்திகரிக்காத குப்பியில் அந்தப் புரதம் கலந்தே வரும். அடுத்த நாளே எலைசாவிலோ ஃபிளாக் வெஸ்டர்னிலோ கிடைக்கும் நல்ல சிக்னல் உங்கள் செல் செய்ததாக இருக்க வேண்டியதில்லை. பிபிஎஸ்ஸில் இரண்டு முறை கழுவுங்கள். செல்களை ஒருமுறையாவது பிரித்து வேறு தட்டுக்கு மாற்றி, புது மீடியத்தில் மறுபடி சேர்ந்த புரதத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

ஏற்றிய 48 மணி நேரத்துக்குப் பிறகு பியூரோமைசினை ஆரம்பியுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மருந்தோடு மீடியத்தை மாற்றுங்கள். எதுவும் போடாத வெல்லிலும் மருந்து போட்டு வையுங்கள். அந்த வெல் முழுதாகச் செத்த பிறகுதான் மற்ற வெல்லில் உயிரோடு நிற்பவை பதிந்த செல்கள் என்று சொல்ல முடியும்.

வந்ததா என்று பார்ப்பது

செல்லை உடைத்து லைசேட்டில் மட்டும் தேடுவதுதான் எல்லாரும் முதலில் செய்வது. விஇஜிஎஃப் அங்கே கொஞ்சமாகத்தான் இருக்கும். மூன்று இடத்தில் தேடுங்கள்: லைசேட், மீடியம், செல் பரப்பு.

மீடியத்தில் தேடும்போது சீரம் இடைஞ்சல். வெஸ்டர்னில் 66 கிலோடால்டனில் ஆல்புமின் தடித்த பட்டையாக நின்று ஜெல்லையே கெடுக்கும். செல்களைக் கழுவிவிட்டு 24 மணி நேரம் சீரம் இல்லாத மீடியத்தில் வைத்து, அதைச் சேகரித்து, 10 கிலோடால்டன் வடிகட்டியில் சுண்டவைத்து ஜெல்லில் ஏற்றுங்கள். இணைப்பை உடைக்கும் பீட்டா மெர்கேப்டோஎத்தனால் சேர்த்தால் ஒற்றை மூலக்கூறு, டேக்கோடு சேர்த்து 20 கிலோடால்டனைத் தாண்டித் தெரியும். சேர்க்காமல் ஓட்டினால் அதன் இரு மடங்கு அருகே இருபடி (இரண்டு மூலக்கூறு இணைந்தது) தெரிய வேண்டும். இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். இருபடி இல்லையென்றால் அந்தப் புரதம் ஏற்பியைச் சரிவரத் தூண்டாது.

165 வடிவம் செல் பரப்பின் ஹெபரான் சல்ஃபேட்டிலும் ஒட்டும், பிளாஸ்டிக்கிலும் ஒட்டும். மீடியத்தில் குறைவாக வந்தால் செல்களை ஹெபரின் கலந்த மீடியத்தில் சிறிது நேரம் வைத்து, கழன்று வருவதையும் பாருங்கள். செல்லுக்குள்ளேயே பார்த்தாக வேண்டும் என்றால் பிரெஃபெல்டின்-ஏ சில மணி நேரம் போட்டால் சுரப்பு நின்று புரதம் உள்ளே தேங்கும்.

எலைசாவில் இன்னொரு குழப்பம். நிறையச் செல்கள் தாமாகவே விஇஜிஎஃப் சுரக்கும், அதுவும் தட்டு நிரம்பி ஆக்ஸிஜன் குறையும்போது அதிகமாக. சாதாரண எலைசா அதையும் நாம் ஏற்றியதையும் சேர்த்தே எண்ணும். அதனால் எல்லா வெல்லிலும் செல் எண்ணிக்கையை ஒன்றாக வையுங்கள். ஃபிளாக் ஆன்டிபாடியால் பிடித்து விஇஜிஎஃப் ஆன்டிபாடியால் கண்டறியும் சாண்ட்விச் எலைசா செய்ய முடிந்தால் மிக நல்லது. டேக்குக்குக் கொடுத்த காசு வசூலாவது இங்கேதான்.

கடைசியாக வேலைத்திறன். உங்கள் செல்லின் மீடியத்தை, சில மணி நேரம் பட்டினி போட்ட ஹியுவெக் (தொப்புள்கொடி ரத்தக் குழாய்) செல்கள் மேல் 5 முதல் 10 நிமிடம் விட்டு, விஇஜிஎஃப் ஏற்பி-2இல் 1175ஆம் டைரோசினில் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்று வெஸ்டர்னில் பாருங்கள். கட்டுப்பாட்டு வைரஸ் செல்லின் மீடியத்தைப் பக்கத்திலேயே வையுங்கள். விஇஜிஎஃப்பைப் பிடித்துவைக்கும் பெவாசிஸுமாப் மருந்தைச் சேர்த்ததும் அந்தச் சிக்னல் மறைந்தால், தூண்டியது விஇஜிஎஃப்தான் என்று தைரியமாக எழுதலாம். பட்டை மட்டும் வந்து தூண்டல் வரவில்லையென்றால், டேக் நுனியைக் கெடுத்திருக்கலாம். டேக் இல்லாத குப்பியோடு ஒப்பிடாமல் ஆய்வைத் தொடராதீர்கள்.

சேர்த்து வைத்து ஆராயும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். வைரஸ் ஏறிய செல்லும் ஏறாத செல்லும் ஒரே தட்டில் இருந்தால், ஏறாததும் அந்த விஇஜிஎஃப்பைக் குடித்து மாறும். ஒரே தட்டில் பச்சைச் செல்லையும் பச்சையில்லாத செல்லையும் ஒப்பிடுவது செல்லுக்குள் தங்கும் புரதங்களுக்குச் சரி, இதற்குச் சரிவராது. ஒப்பீடு எப்போதும் தனித்தனி வெல்லில்.

சேமிப்பும் குறிப்பும்

பியூரோமைசினில் நிலைத்ததும் முதல் வேலையாக ஆரம்பப் பாசேஜிலேயே (செல்லைப் பிரித்து வேறு தட்டுக்கு மாற்றும் முதல் சில சுற்றுகளிலேயே) பல குப்பிகளை உறைய வைத்துவிடுங்கள். வாரங்கள் போகப் போக புரமோட்டர் அமைதியாகி, புரதம் குறைவது உண்டு. மூலச் செல்களில் சிஎம்வி புரமோட்டர் இதற்குப் பேர்போனது. அங்கே இஎஃப்1 ஆல்ஃபா நல்லது. மைக்கோபிளாஸ்மா (செல் கல்ச்சரில் கண்ணுக்குத் தெரியாமல் கலக்கும் பாக்டீரியா) சோதனையை உறைய வைக்கும் முன்பே செய்யுங்கள், கலந்த பிறகு பல மாத வேலை போய்விடும். செல் வரிசையை பிஎஸ்எல்-2 அறையிலிருந்து எப்போது வெளியே எடுக்கலாம் என்பதை ஐபிஎஸ்சியிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நோட்டில் எழுத வேண்டியவை: குப்பியின் லாட் எண், டைட்டரும் அதை அளந்த முறையும், எத்தனை முறை உருக்கியது, ஏற்றிய அன்று எண்ணிய செல், எம்ஓஐ, பாலிபிரீன் அளவு, பியூரோமைசின் அளவு, செல்லின் பாசேஜ் எண். அடுத்த குப்பி வேறு லாட்டில் வந்தால், பழையதையும் புதியதையும் ஒரே பிளேட்டில் ஒரே நாளில் ஏற்றிப் பார்த்த பிறகே பழையதை முடியுங்கள்.